வெட் ப்ளூவா, கிரஸ்டா? தோலுக்குச் சுங்கக் குறியீடு பார்க்கும் வழி

சென்னைத் துறைமுகத்திலிருந்து ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ போகும் தோல் கன்டெய்னர் ஒன்றைத் திறந்தால், பாலிதீன் சுற்றிய பலகை அடுக்குகள் தெரியும். உள்ளே கைபட்டால் சில்லென்று இருக்கும் வெளிர் நீலத் தோல்கள். இன்வாய்ஸில் 'செமி ஃபினிஷ்டு லெதர்' என்று ஒரே வரி. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது போதும், சுங்கத் துறைக்குப் போதாது. சுங்கக் கட்டண அட்டவணையில் 'செமி ஃபினிஷ்டு' என்று ஒரு தலைப்பே கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது நான்கு வேறு குறியீடுகள் ஒளிந்திருக்கலாம். எது சரி என்பதைத் தோலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எச்.எஸ். கோடு என்பது உலகச் சுங்க அமைப்பு வைத்திருக்கும் பொதுவான பொருள் பட்டியல். முதல் ஆறு இலக்கம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒன்றே. அதற்கு மேல் நாடுகள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் எட்டு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத் தலைப்பு. தோலுக்கு அத்தியாயம் 41. இதன் இன்றைய அமைப்பு 2002 திருத்தத்தில் வந்தது. அதனால்தான் 4107க்கு அடுத்து 4112க்குத் தாவுகிறது; இடையில் இருந்த 4108 முதல் 4111 வரை பழைய பட்டியலோடு போயின. பழைய ஒப்பந்தங்களையோ கோப்புகளையோ பார்த்துக் குறியீடு எழுதுபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது.

மூன்று கேள்விகள்

தோல் எந்த விலங்குடையது, பதனிடுதலில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பிளந்ததா பிளக்காததா. இந்த வரிசையில் கேட்டால் குறியீடு தானாக வந்து நிற்கும்.

விலங்கு எளிது. மாடு, எருமை, குதிரை வகைக்குப் பச்சைத் தோல், அதாவது பதனிடாதது, 4101. பதனிட்டது அல்லது கிரஸ்ட் (பதனிட்டு உலர்த்தியது) 4104. முடித்த தோல் 4107. செம்மறியாட்டுக்கு இதே வரிசை 4102, 4105, 4112. வெள்ளாடு, பன்றி, ஊர்வன உள்ளிட்ட மற்ற விலங்குகளுக்கு 4103, 4106, 4113. வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே கட்டில் கட்டி 'ஆட்டுத் தோல்' என்று அனுப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு. சுங்கத்தில் அவை இரண்டு தலைப்புகள், இரண்டு வரிகளாகத்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் கேள்விதான் ஆளை வாட்டும். அதற்கு டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உப்பிட்ட தோலை முதலில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் எடுப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியைக் கழற்றுவார்கள். சதை நீக்கி, சுண்ணாம்பை வெளியேற்றி, உப்பும் அமிலமும் கலந்த பிக்கிள் குளியலில் பி.எச். சுமார் 3க்குக் கொண்டுவருவார்கள். இதுவரை தோல் பச்சைத் தோல்தான். வெள்ளையாக, முடியில்லாமல், பார்க்க லெதர் போலவே இருந்தாலும் சரி. அடுத்து டிரம்மில் குரோமியம் சல்பேட் சேரும். தோலின் தடிமன் முழுவதும் அது ஊடுருவியபின் பி.எச்.-ஐ மெல்ல 4 அருகே ஏற்றினால் குரோமியம் தோலின் கொலாஜன் இழையோடு பிணைந்துகொள்ளும். வெளியே வருவது நீலத் தோல், அதாவது வெட் ப்ளூ. பாதிக்கு மேல் தண்ணீர். (சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலைதான்.) நீலத் தோலைப் பிழிந்து, பிளந்து, சீவித் தடிமன் சரிசெய்து, மறுபடி டிரம்மில் போட்டு ரீடேனிங் (மறுபதனிடல்), சாயம், கொழுப்பு எண்ணெய் ஏற்றி உலர்த்தினால் கிரஸ்ட். கிரஸ்டின் மேல் நிறப்பூச்சு, பாலிஷ், அச்சு வைத்த கிரெயின் (முடி இருந்த பக்கம்), உராய்த்தெடுத்த ஸ்வேட் மேற்பரப்பு என்று ஏதாவது ஏறினால் முடித்த தோல்.

ஆக எல்லைக்கோடுகள் இரண்டு. பச்சைக்கும் பதனிட்டதற்கும் நடுவே ஒன்று, கிரஸ்டுக்கும் முடித்ததற்கும் நடுவே இன்னொன்று. தகராறு பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

முதல் எல்லை: திரும்பிப் போகுமா, போகாதா

அத்தியாயம் 41இன் இரண்டாம் குறிப்பு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: பதனிடுதல் மீளக்கூடியதாக இருந்தால், முன்பதனிடுதல் உட்பட, அந்தத் தோல் 4104 முதல் 4106க்குள் வராது, 4101 முதல் 4103க்கே திரும்பும். மீளக்கூடியது என்றால், ஏற்றிய பொருளை நீக்கிவிட்டால் தோல் மறுபடி பச்சைத் தோலாகிவிடும் என்று பொருள். பிக்கிள் தோல் இதற்கு நல்ல ஒப்பீடு. உப்பையும் அமிலத்தையும் கழுவி எடுத்தால் பழைய நிலை. அதனால்தான் கம்பளி நீக்கிய பிக்கிள் செம்மறித் தோலுக்கு 4102.21 என்று பச்சைத் தோல் தலைப்பிலேயே தனி இடம் இருக்கிறது. வெள்ளாட்டு பிக்கிள் 4103.90இல் போகும், மாட்டு பிக்கிள் 4101இல்.

சந்தேகம் இருந்தால் டேனரிகளில் தலைமுறைகளாகச் செய்யும் கொதிநீர்ச் சோதனை இருக்கிறது. தோலின் தடிமனான பகுதியில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டுங்கள். காகிதத்தில் வைத்து அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, வரைந்த கோட்டின்மேல் மறுபடி வையுங்கள். ஒழுங்காகக் குரோம் ஏறிய தோல் கோட்டோடு கோடு பொருந்தும். பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே சுருங்கத் தொடங்கும். கொதிநீரில் சுருண்டு ரப்பர் போலாகிவிடும். வெட்டு வாயையும் பாருங்கள். நீலம் இரு ஓரத்திலும் அடர்ந்து நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் குரோம் உள்ளே போகவில்லை. அது குறியீட்டுப் பிரச்சினையைவிடத் தரப் பிரச்சினை. விலையில் பேச வேண்டியது.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: வெட் ஒயிட். குரோம் இல்லாமல் குளூட்டரால்டிஹைடு போன்றவற்றால் பதனிட்ட வெள்ளைத் தோல். ஆல்டிஹைடு பிணைப்பு கழுவினால் போகாது, ஆனால் சுருங்கும் வெப்பநிலை குரோம் அளவுக்கு உயராது. கொதிநீரில் சுருங்கும். அதை வைத்துப் 'பச்சைத் தோல்' என்று எழுதிவிடக் கூடாது. மறுபக்கம், பிளப்பதற்கும் சீவுவதற்கும் வசதியாகத் தற்காலிகமாக இறுக்கம் கொடுத்த வெள்ளைத் தோலும் சந்தையில் வெட் ஒயிட் என்றே வருகிறது. அது மீளக்கூடியது என்றால் 4101. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். விற்பவரிடம் எந்த ரசாயனம், எத்தனை சதவீதம், பதனிட்டபின் சுருங்கும் வெப்பநிலை என்ன என்று எழுத்தில் வாங்குவதைத் தவிர வழியில்லை.

இரண்டாம் எல்லை: சாயம் ஏறினால் முடித்த தோலா?

இல்லை. புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. கறுப்பாக, மென்மையாக, கைக்கு இதமாக ஒரு தோல் வந்தால் 4107 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே இரண்டாம் குறிப்பின் இரண்டாம் பகுதி, உலர்த்துவதற்கு முன் ரீடேனிங் செய்ததோ, சாயமிட்டதோ, கொழுப்பேற்றியதோ கிரஸ்ட் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்கிறது. 'உலர்த்துவதற்கு முன்' என்ற சொற்களில்தான் கனம் இருக்கிறது. டிரம்மில் ஏறிய சாயம் தோலைக் கிரஸ்டிலேயே நிறுத்தும். உலர்ந்தபின் மேற்பரப்பில் தெளித்த பிக்மென்ட், ரெசின், லாக்கர், ஏற்றிய அச்சு, உராய்வு இவையெல்லாம் 'மேற்கொண்டு பக்குவப்படுத்தியது', அதாவது 4107, 4112 அல்லது 4113.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டு வாயைப் பாருங்கள். நிறம் தடிமன் முழுக்கவோ பெருமளவோ ஊடுருவியிருந்தால் டிரம் சாயம். கிரெயின் பக்கம் மட்டும் மெல்லிய படலமாக நின்றால் பூச்சு. கிரெயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பூச்சில்லாத சாதாரணக் கிரஸ்ட் விரைவில் குடித்துக் கறுக்கும். பூச்சு இருந்தால் சொட்டு முத்தாக நிற்கும். நீர்ப்புகா எண்ணெய் ஏற்றிய கிரஸ்டிலும் சொட்டு நிற்கும் என்பதால் இதை மட்டும் நம்பாமல், பத்து மடங்கு லென்ஸில் மயிர்க்கால் துளைகளைப் பார்க்க வேண்டும். துளை திறந்திருக்கிறதா, மேலே படலம் மூடியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

முடித்ததிலும் சில தனி வீடுகள் உண்டு. மெருகுப் படலம் பளபளக்கும் பேட்டன்ட் தோல், உலோகப் படலம் ஏற்றியது, ஷாமி (எண்ணெயில் பதனிட்ட மென்தோல்) இவை எந்த விலங்காக இருந்தாலும் 4114. தோல் துகளையும் நாரையும் சேர்த்து அழுத்திய கூட்டுத் தோல் 4115.

பிளந்தது, பிளக்காதது

மாட்டுத் தோல் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். ஷூவின் மேல்பகுதிக்கு அவ்வளவு தேவையில்லை. பேண்ட் கத்தி இயந்திரத்தில் கிடையாகப் பிளந்தால் மேலே கிரெயின் உள்ள அடுக்கு, கீழே இருபுறமும் நார் தெரியும் சதை அடுக்கு. 4104.11 என்பது ஈர நிலையில் பிளக்காத முழுக் கிரெயினும் கிரெயின் ஸ்பிளிட்டும் (பிளந்த மேலடுக்கு). 4104.19 என்பது மற்றவை. சதைப்பக்க ஸ்பிளிட் இங்கே வரும். உலர்ந்த கிரஸ்டில் இதே ஜோடி 4104.41, 4104.49. மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் விலை வித்தியாசம் பெரிது. ஸ்பிளிட் விலையில் கிரெயின் என்று எழுதியிருந்தால் மதிப்பீட்டில் கேள்வி வரும், மறுவிதமாகவும் வரும்.

ஆட்டுத் தோலில் இந்தத் தொல்லை இல்லை. செம்மறி ஈர நிலை 4105.10, உலர்ந்தது 4105.30. வெள்ளாடு 4106.21, 4106.22. முடிந்தது.

முழுத் தோலா, முதுகெலும்பு வழியே இரண்டாக வெட்டிய சைடா என்பது 4104இல் குறியீட்டை மாற்றாது. 4107இல் மாற்றும்: முழுத் தோல் 4107.11 முதல் 19 வரை, சைடும் மற்றதும் 4107.91 முதல் 99 வரை. பச்சைத் தோலில் எடை பேசுகிறது. பிளக்காத முழு மாட்டுத் தோல் வெறுமனே உலர்ந்ததென்றால் 8 கிலோ, உலர் உப்பிட்டதென்றால் 10 கிலோ, பச்சையாகவோ ஈர உப்பிட்டோ இருந்தால் 16 கிலோ வரை 4101.20. ஒரு தோலுக்கான எடை இது, மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்த சராசரி அல்ல. கலப்புச் சரக்கில் இந்தச் சராசரிக் கணக்கு பலரைக் கவிழ்த்திருக்கிறது.

அத்தியாயத்தையே விட்டு வெளியேறும் பொருள்களும் உண்டு. முடியோடு பதனிட்ட மாட்டுத் தோல் லெதர் கடையில் கிடைத்தாலும் சுங்கத்தில் அது 4302, உரோமத் தோல் அத்தியாயம். பச்சை மாட்டுத் தோல் முடியோடு இருந்தாலும் 41இலேயே தங்கும். பச்சைத் தோல் கழிவு 0511, பதனிட்ட தோலின் சீவலும் தூளும் 4115.20. ஷூ மேல்பகுதி வடிவில் வெட்டிவிட்டால் அது தோலே அல்ல, 6406.

ஏன் இவ்வளவு கவனம்: வரி

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தியா வெட் ப்ளூ தோலுக்கான அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து முழுவதுமாக நீக்கியது. கிரஸ்ட் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியிலிருந்தும் அதே பட்ஜெட் விலக்குக் கொடுத்தது. கணக்கைப் பாருங்கள். சரக்கின் மதிப்பு, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, 50 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். 10 சதவீத வரி இருந்தால் 5 லட்சம், அந்த வரியின்மேல் 10 சதவீதச் சமூக நலக் கூடுதல் வரி 50,000, ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 55.5 லட்சத்தின்மேல் கணக்காகும். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஐந்தரை லட்சம் திரும்பாது, தோலின் அடக்க விலையில் போய் உட்காரும்.

இதில் கவனிக்க ஒரு நுணுக்கம். தலைப்பு எது என்பது ஒரு கேள்வி. வரிச் சலுகை அறிவிப்பு எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. கட்டண அட்டவணை 'ஈர நிலையில், வெட் ப்ளூ உட்பட' என்கிறது. வெட் ஒயிட்டும் தாவர முறையில் பதனிட்ட ஈரத் தோலும் அதில் அடங்கும். சலுகை அறிவிப்பு 'வெட் ப்ளூ' என்று மட்டும் சொன்னால், ஒரே துணைத் தலைப்பில் இருந்தும் அவற்றுக்குச் சலுகை உண்டு என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. நீதிமன்றங்கள் விலக்கு அறிவிப்புகளை எழுத்துக்கு எழுத்து இறுக்கமாகத்தான் படிக்கின்றன.

தன்மதிப்பீட்டு முறையில் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. சுங்க முகவர் எழுதினார் என்பது பதிலாகாது. தவறினால் குறைவாகக் கட்டிய வரியைச் சுங்கத் துறை இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். மறைத்ததாகவோ வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாகவோ கருதினால் ஐந்து ஆண்டு வரை, வட்டியோடும் அபராதத்தோடும்.

நாடுகள் ஏன் வாசலை மூடுகின்றன

பச்சைத் தோலை விற்கும் நாட்டுக்கு ஒரு ரூபாய் என்றால் அதையே ஷூவாக விற்கும் நாட்டுக்குப் பல ரூபாய். அதனால் தோல் உற்பத்தி நாடுகள் பலவும் ஏற்றுமதியில் படிக்கட்டு வைத்தன: பச்சைத் தோலுக்குக் கடும் தடை, வெட் ப்ளூவுக்கு வரி, முடித்த தோலுக்குச் சுதந்திரம். இந்தியா 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் அந்த வழியில் நடந்தது. அதற்குமுன் வரை தமிழ்நாட்டின் பெரிய ஏற்றுமதி ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ஈ.ஐ. தோல், அதாவது பழைய ஈஸ்ட் இந்தியா டேனிங். இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எத்தியோப்பியா 2008இல் பச்சைத் தோலுக்கும் வெட் ப்ளூவுக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டு, சில ஆண்டுகளில் கிரஸ்டுக்கும் நீட்டியது. பிரேசில் நேர்மாறு: வெட் ப்ளூவுக்கு வைத்திருந்த 9 சதவீத ஏற்றுமதி வரியை 2018 இறுதியில் எடுத்துவிட்டது.

வரி படிக்கட்டாக இருந்தால் ஒரு படி ஏறியதாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் வரும். கிரஸ்ட் மேல் லேசாக ஒரு தெளிப்பு அடித்து 'ஃபினிஷ்டு' என்று ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதி அறிக்கையில்) எழுதுவது அப்படிப் பிறந்த பழக்கம். அதைத் தடுக்கத்தான் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் முடித்த தோலுக்கு எந்தெந்த வேலை நடந்திருக்க வேண்டும் என்று வரையறை வெளியிட்டது, அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைச் சான்றையும் கேட்டது. 2025 மே மாதம் அந்தக் கட்டாயச் சோதனையும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. சான்று போனதால் வரையறை போய்விடவில்லை. தோல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை ஏற்றுமதியாளர் தலையில் இருக்கிறது.

தோலின் கட்டத்தை யார் பார்த்துச் சொல்வது என்பது உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போன வழக்கு. அர்ஜென்டினாவில் மாட்டுத் தோல் ஏற்றுமதியைச் சுங்க அதிகாரிகள் சோதிக்கும்போது உள்நாட்டு டேனரிகளின் பிரதிநிதிகளும் கூட நிற்க அனுமதி இருந்தது. தோல் வகையை அடையாளம் காண நிபுணர் உதவி என்பது அந்நாட்டின் வாதம். அந்தத் தோல் வெளியே போகாமல் இருந்தால் லாபமடைபவர்களே அந்த டேனரிகள்தானே என்று ஐரோப்பா கேட்டது. ஏற்றுமதியையே முடக்கினார்கள் என்பதை ஐரோப்பாவால் நிறுவ முடியவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு நியாயமான, பாரபட்சமற்ற நிர்வாகம் ஆகாது என்று 2000 டிசம்பரில் குழு தீர்ப்பளித்தது. நிபுணரைக் கூப்பிடுவது சரி. எந்த நிபுணர் என்பதில்தான் பிடிமானம்.

எந்த நாட்டுத் தோல்?

வர்த்தக ஒப்பந்தச் சலுகை வேண்டுமென்றால் பிறப்பிடம் நிரூபிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் பொதுவான சோதனை: உள்ளே போன பொருளின் நான்கு இலக்கத் தலைப்பும் வெளியே வந்த பொருளின் தலைப்பும் மாறியதா? உப்பிட்ட தோலை வாங்கி வெட் ப்ளூ ஆக்கினால் 4101இலிருந்து 4104. மாறிவிட்டது. வெட் ப்ளூவை வாங்கிக் கிரஸ்ட் ஆக்கினால்? சாயம், எண்ணெய், தொழிலாளர் கூலி, மின்சாரம் எல்லாம் செலவழித்தும் 4104 என்பது 4104தான். தலைப்பு மாறவில்லை, பிறப்பிடமும் கிடைக்காது. இதைச் சரிசெய்யத்தான் ஐரோப்பாவின் பொது முன்னுரிமைத் திட்ட விதிகள் ஈரப் பதனிட்ட தோலை ரீடேனிங் செய்தாலே போதும் என்று மாற்று வழி வைத்திருக்கின்றன. ஆனால் அதே விதிகளில், வாங்கிய கிரஸ்டை வெறுமனே பூச்சடித்து 4107 ஆக்கினால், தலைப்பு மாறினாலும் போதாது. ரீடேனிங் நடந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இந்த விதி மாறுகிறது. அதனால் இணைப்புப் பட்டியலில் அத்தியாயம் 41க்கு எதிரே இருக்கும் வரியைப் படிக்காமல் விலை சொல்லாதீர்கள். இந்தியாவுக்குள் சலுகை கேட்டு இறக்குமதி செய்பவர், 2020 முதல், பிறப்பிடச் சான்றை மட்டும் நீட்டினால் போதாது; தோல் எப்படி அந்த நாட்டுப் பொருளானது என்ற தகவலையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்களுக்கு இன்னும் இரண்டு. சருமத்தில் படும் தோல் பொருள்களில் ஆறிணைத்திறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்பது 2015 மே முதல் நடைமுறை. காடழிப்பு தொடர்பான 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் பட்டியலிலோ மாட்டிறைச்சியோடு 4101, 4104, 4107 என்ற எண்களே நேராக எழுதப்பட்டன. குறியீடு வரிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

காகிதமும் கன்டெய்னரும்

இன்வாய்ஸில் வரும் விவரணை, குறியீடு தெரியாத ஒருவர் படித்தாலும் அதே குறியீட்டுக்கு வந்து சேரும்படி இருக்க வேண்டும். 'வெட் ப்ளூ, டி.ஆர். 1' என்பது வியாபாரிக்குப் புரியும், அதிகாரிக்குப் புரியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'பதனிட்ட மாட்டுத் தோல், முடி நீக்கியது, குரோம் முறை, ஈர நிலை, கிரெயின் ஸ்பிளிட், சைடு, தடிமன் 1.2 முதல் 1.4 மி.மீ.' இத்தனையும் ஒரு வரிதான். பேக்கிங் லிஸ்டில் பலகைவாரியாக எண்ணிக்கை, நிகர எடை, பரப்பளவு. அளவு அலகை அட்டவணை எதில் கேட்கிறதோ அதிலேயே பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதி அறிக்கையில்) போடுங்கள். தோல் சந்தை சதுர அடியில் பேசும், காகிதம் சதுர மீட்டரில் வரும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

இதில் இன்னொரு பொறி. ஈரத் தோலை அளந்த பரப்பு, உலர்ந்தபின் இருக்காது. எடையும் அப்படித்தான், வெட் ப்ளூவிலிருந்து பயணத்தில் நீர் வடியும். ஏற்றிய இடத்து எடைக்கும் இங்கே எடைமேடையில் வரும் எடைக்கும் வித்தியாசம் வந்தால் 'குறைவு' என்று உடனே சண்டைக்குப் போகாமல், ஒப்பந்தத்தில் எந்த ஈரப்பத அளவுக்கு எடை கணக்கு என்று இருக்கிறது என்பதைப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வெட் ப்ளூவின் எதிரிகள் இரண்டு: பூஞ்சையும் உலர்வும். பூஞ்சைக்கொல்லி போதாமல் பயணம் நீண்டால் பச்சை, கறுப்புப் புள்ளிகள் கிரெயினில் பதிந்து சாயத்தில் தெரியும். பாலிதீன் கிழிந்து மேல் அடுக்கு காய்ந்துபோனால் அது இன்னும் மோசம். காய்ந்த குரோம் தோல் மறுபடி சீராக நனையாது. சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சுங்கத்தில் சந்தேகம் வந்து கன்டெய்னர் வெயிலில் பத்து நாள் நிற்பதன் உண்மையான செலவு டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) மட்டுமல்ல, அந்த மேல் அடுக்கும்தான். ஓரங்கள் காய்ந்த வெட் ப்ளூவைப் பார்த்து 'இது உலர் நிலை, கிரஸ்ட்' என்று ஒரு கேள்வி எழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தோலை உருவிக் காட்டுங்கள். ஈரமும் நீலமும் அங்கே இருக்கும்.

மரப் பலகைகளில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும், அதாவது மரப்பூச்சி போகும்படி பக்குவப்படுத்தியது; வழக்கமான முறையில் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகும். தோல் சரியாக இருந்தும் பலகையால் சிக்கிய சரக்குகள் உண்டு. கால்நடைச் சுகாதாரச் சான்று விஷயத்தில் பச்சைத் தோலுக்கும் பதனிட்டதற்கும் பெரிய வேறுபாடு. ஆட்டுக்கொல்லி நோய் பற்றிய உலக விலங்கு நல அமைப்பின் விதித்தொகுப்பு, வழக்கமான டேனரி வேலைகளைக் கடந்த சுண்ணாம்பிட்ட தோல், பிக்கிள், வெட் ப்ளூ, கிரஸ்ட் ஆகியவற்றைப் பாதுகாப்பான சரக்கு என்றே வைத்திருக்கிறது. பிக்கிளைச் சுங்கம் பச்சைத் தோல் என்கிறது, நோய்த் தடுப்பு விதி பாதுகாப்பானது என்கிறது. இரண்டும் சரிதான், இரண்டின் நோக்கமும் வேறு.

அடிக்கடி ஒரே வகைத் தோல் கொண்டுவருபவர், குறிப்பாக வெட் ஒயிட் போல எல்லையில் நிற்கும் சரக்கு என்றால், முதல் கப்பல் ஏறும் முன்பே முன்தீர்ப்பு கேட்டுவிடலாம். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிறது. விண்ணப்பத்தோடு பதனிட்ட முறையின் படிநிலை, ரசாயனப் பட்டியல், சோதனை அறிக்கை, மாதிரியின் படம் சேர்த்துக் கொடுங்கள். சட்டமோ உண்மை நிலவரமோ மாறாதவரை தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும், விண்ணப்பித்தவரையும் அதிகாரியையும் கட்டுப்படுத்தும்.

அதற்கு நேரமில்லை என்பவர் குறைந்தது இதைச் செய்யலாம். ஒவ்வொரு சரக்கிலும் நடு அடுக்கிலிருந்து இரண்டு கை அகலத் துண்டு வெட்டி, ஒன்றைக் கொதிநீரில் சோதித்து, கோடு வரைந்த காகிதத்தோடு படமெடுத்து வையுங்கள். மற்றதை நிழலில் உலர்த்தி, பில் ஆஃப் என்ட்ரி எண்ணையும் ஈரமாக இருந்தபோது எடுத்த படத்தையும் சேர்த்து உறையில் போட்டு ஐந்து ஆண்டு பத்திரப்படுத்துங்கள். ஈரத் தோலை அப்படியே உறையில் அடைத்தால் கேள்வி வரும் நாளில் உள்ளே பூஞ்சைதான் இருக்கும்.